சொல்லாத பாதி

சித்திரை முழுநிலவுக்குச் சில நாள் முன்பிருந்தே விழுப்புரத்தில் லாட்ஜ் அறை கிடைப்பது கடினம். மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை என்று எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் ரயிலிலும் பேருந்திலும் வந்து இறங்கியபடி இருப்பார்கள். ஊரில் ‘மிஸ் கூவாகம்’ போட்டி நடக்கும். நாளிதழ்களில் படம் வரும். பிறகு கூட்டம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்காகக் கூவாகம் கிராமத்துக்குக் கிளம்பும். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது உளுந்தூர்பேட்டை வட்டத்தோடு கூவாகமும் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது. ஆனால் திருவிழாவுக்கு வருகிறவர்கள் தங்கும் ஊர் இன்னமும் விழுப்புரம்தான்.

கூவாகம் கோயிலில் உள்ள கூத்தாண்டவர், அர்ச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்த அரவான். பாரதப் போருக்கு முன் களப்பலிக்கு ஒப்புக்கொண்டவன். சாவதற்கு முன் ஓர் இரவாவது மணவாழ்வு வேண்டும் என்று கேட்டவன். மறுநாளே சாகப்போகும் மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து மாலையிட்டான். அந்த மோகினியின் இடத்தில் நின்றுதான் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் போய்ச் சேர்ந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுகிறார்கள்.

கேமராக்கள் பார்க்காத ஒரு சாரார் இந்தக் கூட்டத்துக்குள் உண்டு. பேண்ட் சட்டையில் தோளில் ஒரு பையோடு வருவார்கள். லாட்ஜ் அறைக்குள் போய்ச் சேலைக்கு மாறுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அதே பேண்ட் சட்டையில் பேருந்து ஏறிவிடுவார்கள். தங்களுக்குள் கோத்தி என்று சொல்லிக்கொள்கிற இவர்களில் பலருக்கு ஊரில் வேலை இருக்கிறது. சிலருக்கு மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்து ஆண்கள் வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் வழக்கமும் கூவாகத்தில் உண்டு. அதனால் கழுத்தில் மஞ்சள் கயிறோடு நிற்கும் ஒருவரை ‘நீ யார்’ என்று அங்கே கேட்க முடியாது. கேட்டாலும் ‘வேண்டுதல்’ என்ற ஒற்றைச் சொல் போதும். ஒளிந்துகொள்ள இடம் வைத்தே இந்த வழக்கத்தை முன்னோர் அமைத்தார்களோ என்று நான் நினைப்பதுண்டு.

இப்படி வருகிற ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். திண்டிவனம் பக்கத்துக் கிராமம். அவருடைய பள்ளித் தோழனுக்கு அவர் குடும்பத்துக்கு எத்தனை காணி நிலம், கிணற்றில் எவ்வளவு தண்ணீர், அப்பா யாரிடம் கடன் பட்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அவர் கூவாகத்துக்குப் போவது மட்டும் தெரியாது. ஆண்டுதோறும் திருவிழாவின்போது அவரோடு லாட்ஜ் அறையைப் பகிர்ந்துகொள்ளும் தோழிக்கு இது தெரியும். ஆனால் அவருடைய ஊர்ப்பெயரோ வீட்டில் கூப்பிடும் பெயரோ தெரியாது. இருவருக்கும் ஆளுக்குப் பாதி மனிதர்தான் கிடைத்திருக்கிறார். இந்த இரண்டில் எது உண்மையான நட்பு?

இரண்டுமே என்பது என் விடை. ‘நண்பனிடம் மறைப்பது துரோகம்’ என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் இந்த விடை பலருக்கு உறுத்தும். கடந்த அறுபது ஆண்டுகளாக உளவியலும் சமூகவியலும் இந்தக் கேள்வியைச் சுற்றிச் சேர்த்தவற்றைப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன்.

1963இல் சமூகவியலர் எர்விங் கோஃப்மன் களங்கத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பார்த்தவுடன் தெரிகிற களங்கம், தெரியாதவரை இல்லாதது போல் இருக்கிற களங்கம் என்று அதில் இரண்டாகப் பிரித்தார். முதல் வகையினர் மற்றவர்களின் பார்வையைச் சமாளிக்க வேண்டும். இரண்டாம் வகையினரின் வேலை வேறு: யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது, எப்போது, எவ்வளவு என்று ஒவ்வொரு பேச்சிலும் கணக்குப் போட்டபடி இருக்க வேண்டும். டீக்கடையில் ‘கல்யாணம் எப்பப்பா?’ என்று கேட்பது கேட்பவருக்கு வெறும் நலம் விசாரிப்பு. பதில் சொல்கிறவருக்கு அது ஒரு கணக்கு.

இந்தக் கணக்கு மனிதரை எப்படிக் களைக்க வைக்கிறது என்று அறிவதற்கு அறிவியல் ஒரு தவறான பாதையில் போய்த் திரும்பி வந்தது. 2012இல் மைக்கேல் ஸ்லெப்பியன் என்ற உளவியலரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார்கள். பெரிய ரகசியத்தை மனதில் வைத்திருப்பவர்களுக்குக் குன்று உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரிகிறது என்றார்கள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது பிடித்துப்போகும். ரகசியத்துக்கு மெய்யாகவே எடை உண்டு என்றல்லவா ஆகிறது! ஆனால் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2014இல் அதையும் வெளியிட்டார்கள். ஸ்லெப்பியன் தன் கேள்வியை மாற்றிக்கொண்டார். ரகசியம் எவ்வளவு பெரியது என்று கேட்பதை விட்டுவிட்டு, அது எவ்வளவு அடிக்கடி நினைவில் வந்து நிற்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் விடை கிடைத்தது.

2017இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட பெரிய ஆய்வு, ரகசியங்களை 38 வகைகளாகப் பிரித்தது. அவற்றில் சராசரியாக 13 வகையை ஒருவர் ஒரே நேரத்தில் வைத்திருக்கிறார். அதில் ஐந்தை யாரிடமும் சொன்னதே இல்லை. மறைப்பது ஏதோ சிலருடைய நோய் என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். இதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது நாக்கைக் கட்டிக்கொள்ளும் தருணங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. தனியாக இருக்கும்போது மனம் தானாக அந்த ரகசியத்தின் பக்கம் போவது அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நடக்கிறது. மனநலக் குறைவோடு சேர்ந்து வந்ததும் இந்தத் தனிமை நினைவோட்டம்தான். நண்பனிடம் சொல்லாமல் விட்ட நொடிகள் அந்த அளவுக்குப் பாதிக்கவில்லை.

ஆக, கேடு வாயை மூடியதால் வருவதைவிட, மனதுக்குள் அந்த ஒன்றோடு தன்னந்தனியாக மாட்டிக்கொள்வதால்தான் கூடுதலாக வருகிறது. இந்தக் கட்டுரையில் வாசகர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

உடலும் இதில் தப்புவதில்லை என்று எண்ண இடமிருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஸ்டீவ் கோல் குழுவினர் 1996இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். எச்ஐவி தொற்றிய தன்பாலீர்ப்பு ஆண்களை ஒன்பது ஆண்டுகள் கவனித்ததில், தங்கள் ஈர்ப்பை மறைத்து வாழ்ந்தவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது. தொற்று இல்லாதவர்களிலும் மறைத்து வாழ்ந்தவர்களுக்குப் புற்றுநோயும் வேறு சில தொற்றுகளும் கூடுதலாக வந்தன. மறைப்பும் நோயும் சேர்ந்து காணப்பட்டன என்பதைத்தான் இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. மறைத்ததால்தான் நோய் வந்தது என்று அறுதியிட இவை போதாது. அமெரிக்காவின் ஒரு காலகட்டத்து ஆண்கள் அவர்கள். அதை அப்படியே எடுத்து ‘உடனே எல்லோரிடமும் சொல்லிவிடு’ என்று திண்டிவனத்துப் பையனுக்கு அறிவுரை சொல்வது பொறுப்பற்ற செயல். சொன்னால் வீட்டை விட்டு விரட்டப்படுகிறவருக்குச் சொல்வதும் உடல்நலக் கேடுதான்.

மறைக்க வேண்டியிருப்பது பாலினத்தை மட்டுமல்ல. விழுப்புரத்திலிருந்து தாம்பரம் போகும் பாசஞ்சர் ரயிலில் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் இந்தப் பேச்சைக் கேட்டுவிடலாம்.

“தம்பி எந்த ஊரு?”

“திண்டிவனம் பக்கம்ங்க.”

“பக்கம்னா?”

ஊர்ப்பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: “அங்க எந்தத் தெரு?” ஊரா, காலனியா, அதாவது என்ன சாதி என்பதுதான் கேள்வி என்று இருவருக்கும் தெரியும். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தயங்குகிறவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்த கலவரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். ஊர் இதை மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளலாம், குடும்பங்கள் மறப்பதில்லை. சென்னையில் வீடு தேடும்போதும் விடுதி அறையிலும் வேலையிடத்திலும் சாதியைச் சொல்லாமலே ஆண்டுக்கணக்கில் நட்போடு இருப்பவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர். எழுத்தாளர் யாஷிகா தத் தன் தலித் அடையாளத்தை வெளிப்படையாகச் சொன்ன கதையை 2019இல் நூலாக எழுதினார்; அப்படிச் சொல்லும் வரை அதை மறைத்தே படித்தார், வேலை பார்த்தார். வறுமையும் இப்படித்தான். ‘காலையில் சாப்பிட்டாச்சு’ என்று விடுதியில் பொய் சொல்லும் மாணவன் மறைப்பதும் தன் அடையாளத்தின் ஒரு பகுதியைத்தான்.

இந்த வறுமையையும் சேர்த்துக்கொண்டு ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. டெபோரா ஃப்ரேபிளும் வேறு இருவரும் செய்தது. மாணவர்களைச் சில நாட்கள் தொடர்ந்து கவனித்து, அவ்வப்போது ‘இப்போது யாருடன் இருக்கிறாய், மனம் எப்படி இருக்கிறது’ என்று குறித்துவரச் சொன்னார்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், உண்ணும் கோளாறு உள்ளவர்கள், பணக்காரக் கல்லூரியில் படிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்று வெளியே தெரியாத அடையாளம் கொண்டவர்கள் ஒரு புறம். வெளிப்படையாகத் தெரியும் அடையாளம் கொண்டவர்களும் இரண்டும் இல்லாதவர்களும் மறுபுறம். மறைத்து வாழ்ந்தவர்களின் தன்மதிப்பும் மனநிலையும்தான் மற்றவர்களைவிடத் தாழ்ந்திருந்தன. அவர்களை எது தூக்கிவிட்டது தெரியுமா? தங்களைப் போன்ற இன்னொருவர் பக்கத்தில் இருந்தது. ஆனால் வெளியே தெரியாத அடையாளம் என்பதாலேயே அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பதுதான் இவர்களுக்கு எல்லாவற்றிலும் கடினம். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது.

கூவாகத்தின் அருமை இங்கேதான் எனக்கு விளங்கியது. தன்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பதற்கு ஆண்டில் சில நாள் கிடைக்கும் இடம் அது. அங்கே அம்மா, மகள், அக்கா என்று உறவு முறை வைத்துக்கொள்கிறார்கள். மூத்தவர் இளையவரை மகளாகத் தத்து எடுத்துக்கொள்கிறார். அடுத்த சித்திரை வரை அந்த நினைவு தாங்குகிறது. பக்தி, அழகுப் போட்டி என்று மட்டும் அந்த விழாவைப் பார்ப்பவர்கள் இந்த மருந்தைக் காணத் தவறுகிறார்கள்.

அப்படி ஒரே ஒருவர் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜைச் சொல்லலாம். மதுரையில் பிறந்தவர். தன்னைப் போலவே உணர்ந்த சக்தியைச் சிறு வயதிலேயே தோழியாகப் பெற்றார். வீட்டை விட்டு வெளியேறியதும் தஞ்சாவூரில் கிட்டப்பா பிள்ளையிடம் நடனம் கற்றதும் அந்தத் தோழமையின் துணையோடுதான். 2019இல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. திருநங்கை ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. அவர் திறமைக்கு யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் அந்த வயதில் தனியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி ஊர்த் தோழனின் பக்கம் வருவோம். அவனிடம் சொல்லாமலே நட்பைக் காப்பாற்ற முடியுமா? முடியும், ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் அன்னா-கைசா நியூஹைசரும் மனுவேலா பரெட்டோவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. மறைத்தால் மற்றவர்கள் தன்னை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பித்தான் மக்கள் மறைக்கிறார்கள். ஆனால் மறைத்துப் பேசியவர்களின் உரையாடல் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு இணக்கமாகத் தெரியவில்லை. காரணம், அந்த ஒன்றை மறைக்கும் பதற்றத்தில் அவர்கள் தங்களைப் பற்றிய வேறு எதையும் சொல்லாமல் சுருங்கிவிட்டார்கள். ஓர் அறையைப் பூட்டப் போய் வீட்டையே பூட்டிவிடுகிறோம்.

பூட்ட வேண்டிய அறையை மட்டும் பூட்டினால் போதும். 1997இல் ஆர்தர் ஆரன் குழுவினர் முன்பின் அறியாத இருவரை உட்காரவைத்து, எளிதில் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகிற கேள்விகளை மாறி மாறிக் கேட்டுக்கொள்ளச் செய்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அவர்களுக்குள் நெருக்கம் உண்டானது. தன்னைத் திறப்பதும் அதற்குப் பதிலாக மற்றவர் தன்னைத் திறப்பதும் மாறி மாறி நடந்ததே காரணம். திறந்தது எது என்பது இரண்டாம் பட்சம். அப்பாவின் மேல் இருக்கும் கோபம், பரீட்சையில் தோற்றபோது பட்ட அவமானம், சாவைப் பற்றிய பயம், எந்தப் பாட்டுக்குக் கண் கலங்கும் என்பது – இவற்றையெல்லாம் திண்டிவனத்து இளைஞர் தன் பள்ளித் தோழனிடம் தாராளமாகச் சொல்லலாம். அதில் எதுவும் பொய் கிடையாது. அந்த நட்பும் பொய் கிடையாது.

பொய்யாகும் இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருப்பது வேறு, இல்லாத ஒன்றைக் கட்டி எழுப்புவது வேறு. ‘கல்யாணத்தைப் பத்தி இப்ப பேச வேணாம்டா’ என்பது மறைப்பு. இல்லாத காதலிக்கு ஒரு பெயர், ஊர், சண்டை, சமாதானம் என்று கதை வளர்த்தால் அதை நினைவு வைத்துக் காப்பாற்றும் வேலையும் வந்து சேரும். என்றாவது தெரியவரும்போது தோழனுக்குக் காயம் ஏற்படுவதும் அதனால்தான். உயிருக்கு ஆபத்து என்றால் அந்தக் கதையும் நியாயமே. ஆபத்து இல்லாதபோது மௌனம்தான் நல்லது.

ஒருநாள் சொல்லலாம் என்று தோன்றினால் யாரிடம் முதலில்? நெருங்கியவரிடம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். சமூகவியலர் மரியோ ஸ்மால் கண்டது வேறு. மனிதர்கள் தங்களுக்கு முக்கியமான விஷயங்களை மனம்விட்டுப் பேசியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், அவர்களே நெருக்கம் என்று கருதாதவர்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நெருங்கியவருக்கு நம் வாழ்க்கையில் பங்கு இருக்கிறது; அவர் கோபப்படுவார், அழுவார், வீட்டில் சொல்லிவிடுவார். ரயிலில் கூட வரும் சீசன் டிக்கெட் தோழருக்கு நம்மேல் அக்கறை உண்டு, உரிமை கிடையாது. மேல்மருவத்தூர் வரை பேசிக்கொண்டு வரலாம், மனதிலிருந்து இறக்கிவைக்கலாம், இறங்கிப் போகலாம்.

யாராக இருந்தாலும், முதலில் கேட்பவரின் கையில் ஒரு பெரும் பொறுப்பு வந்துவிடுகிறது. ஸ்டெஃபனி ஷோட்வார், டயான் க்வின் ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் முறை சொன்னபோது நல்லபடியாக ஏற்கப்பட்டவர்களுக்குப் பிற்பாடு சொல்வதில் அச்சம் குறைவாக இருந்தது. தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. முதல் ஐந்து நிமிடம் நீங்கள் காட்டும் முகம் அவரோடு பல ஆண்டுகள் போகும்.

கேட்ட பிறகு அந்தச் செய்தி இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது என்று தகவல் தொடர்பு அறிஞர் சாண்ட்ரா பெட்ரோனியோ சொல்கிறார். பொதுச் சொத்து என்றால் விதி வேண்டும். அதைச் சொல்லும்போதே பேசிக்கொள்ள வேண்டும்: ‘இது உன்னோட இருக்கட்டும். உங்க அம்மாகிட்ட, உன் வீட்டுக்காரிகிட்ட கூட வேணாம்.’ யாரும் யாருக்காவது மாமனோ மச்சானோ ஆகிற நம் ஊர்களில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல விட்டுப்போனதால் சிதறிய குடும்பங்கள் உண்டு.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இவர்கள் பக்கம் வந்திருக்கிறது. தமிழ்நாடு 2008 ஏப்ரலில் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது; 2018இல் தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் இரண்டுக்குமே இப்போது உரிமை இருக்கிறது. டீக்கடைப் பேச்சில்தான் இன்னும் மாற்றம் வரவில்லை.

அதனால் கடைசியாக உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் நண்பர் வட்டத்தில் ஒருவராவது இப்படி ஒரு பாதியைச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் யார் என்று தேட வேண்டாம். ‘என்கிட்ட கூடச் சொல்ல மாட்டியா’ என்று நெருக்கவும் வேண்டாம். நண்பர்கள் கூடியிருக்கும்போது ஒருவன் நடையைப் பார்த்து ‘ஒன்பது’ என்று சிரித்தாலோ, ‘அவன் எந்தத் தெரு’ என்று ஆரம்பித்தாலோ, ‘விடுடா, அந்தப் பேச்சு வேணாம்’ என்று சொல்லிவிடுங்கள். யார் காதில் அது விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம், அவருக்குத் தெரியும்.

நீங்களே அந்த ஒருவர் என்றால், சொல்ல யாருமே இல்லை என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.